டாக்டருக்கே மனசு சரியில்லைன்னா? உதவி கேட்க விடாமல் தடுக்கும் ஒரு கேள்வி.. லோர்னா பிரீன் சட்டம் சொல்வது என்ன?

கொரோனா முதல் அலையில் டாக்டர்களுக்காகக் கை தட்டினோம், விளக்கேற்றினோம். ஆனா, அந்த டாக்டர்களே மனசு உடைஞ்சு போனா யாரிடம் போவாங்க? அமெரிக்காவில் இந்தக் கேள்வியை எழுப்பியது நியூயார்க் டாக்டர் ஒருவரின் மரணம்.

யார் இந்த லோர்னா பிரீன்?

மன்ஹாட்டனில் உள்ள ஆலன் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவை வழிநடத்தியவர். 2020 மார்ச்சில் அவருக்கே கொரோனா வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் மீண்டும் டியூட்டிக்கு வந்தார். நோயாளிகள் கூட்டம் குறையவே இல்லை. சில நாட்களில் நாற்காலியை விட்டு எழக்கூட முடியாத அளவுக்குச் சோர்ந்துபோனார். குடும்பத்தினர் மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை அளித்தனர். ஆனாலும், ஏப்ரல் 26-ம் தேதி 49 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவருக்கு என்ன பயம்?

மனநல சிகிச்சை எடுத்தது தெரிந்தால் மருத்துவ உரிமமே போய்விடும் என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தினர் கூறினர். காரணம் இல்லாத பயம் இல்லை. அமெரிக்காவின் பல மாகாணங்களில், உரிம விண்ணப்பத்திலேயே மனநல சிகிச்சை பற்றிய கேள்வி இருந்தது. இதில் சோகம் என்னன்னா, நியூயார்க் விண்ணப்பத்தில் அந்தக் கேள்வியே கிடையாது!

சட்டம் என்ன செய்கிறது?

அவர் பெயரிலான சட்டத்தில் 2022 மார்ச் 18-ம் தேதி அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்டார். மருத்துவப் பணியாளர்களின் மனநலப் பயிற்சிக்கும், தயங்காமல் உதவி கேட்கச் சொல்லும் விழிப்புணர்வுப் பிரசாரத்துக்கும் இது வழிசெய்கிறது.

விண்ணப்பக் கேள்வியை மாற்ற வேண்டியது மாகாண மருத்துவ வாரியங்களும் மருத்துவமனைகளும்தான். 'இதற்கு முன் மனநல சிகிச்சை எடுத்தீர்களா?' என்று கேட்காமல், 'இப்போது உங்கள் பணியைப் பாதிக்கும் உடல், மனப் பிரச்சினை ஏதும் உள்ளதா?' என்று மட்டும் கேட்கலாம் என்பதே கோரிக்கை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் டாக்டரை யாரும் சந்தேகிப்பதில்லையே!

மருத்துவமனைகள் செய்ய வேண்டியது என்ன?

* ரகசியம் காக்கும் கவுன்சிலிங்
* தொடர் டியூட்டிக்குப் பிறகு கட்டாய ஓய்வு
* 'சிகிச்சை எடுத்தால் வேலைக்கு ஆபத்து இல்லை' என்று எழுத்துப்பூர்வமாகச் சொல்வது

கடைசி விஷயம்தான் முக்கியம். விதி மாறினால் மட்டும் போதாது, மாறியது டாக்டர்களுக்குத் தெரியணும்.

(தற்கொலை எதற்கும் தீர்வல்ல. மன அழுத்தம் இருந்தால் டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 எண்களில் பேசலாம்.)