நீர்மேல் தீட்டிய சித்திரம்!
வீட்டிலேயே துணியில் ஏற்றலாம்

நீர்மேல் எழுத்து நிலைக்காது என்பார்கள். ஆனால், நீர்மேல் மிதக்கும் வர்ணத்தை அப்படியே துணியில் ஏற்றி, ஆண்டுக்கணக்கில் உடுத்தும் வித்தை ஒன்று உண்டு. அதற்கு "மார்பிளிங்" என்று பெயர். சலவைக் கல்லில் ஓடும் ரேகைகளைப் போல வர்ணம் ஓடுவதால் வந்த பெயர் அது.

ஜப்பானியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மையை நீரில் மிதக்கவிட்டுக் காகிதத்தில் ஏற்றினர். துருக்கியர் இதை "எப்ரு" என்கின்றனர். அந்தக் கலையை 2014-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தக்காணத்தில் 17-ம் நூற்றாண்டில் இந்த முறையில் குதிரைச் சித்திரங்கள் தீட்டப்பட்டன.

கள்ள நோட்டுக்கு எதிரி

1775-ல் அமெரிக்கக் குடியேற்றங்கள் வெளியிட்ட 20 டாலர் நோட்டின் ஓரத்தில் இந்த வர்ண ரேகைகள் இருந்தன. எதற்காக? ஒருமுறை விழுந்த கோலம் மறுமுறை விழாது. கள்ள நோட்டு அடிப்பவன் என்ன செய்வான், பாவம்!

இங்கிலாந்தில் இது பரம ரகசியம். ஒரு தொழிலாளியின் வேலையை மற்றவன் பார்க்காதபடி நடுவே பலகை வைத்து மறைத்தார்கள். 1853-ல் சார்லஸ் வுல்னோ என்ற தொழிலாளியே புத்தகம் எழுதி ரகசியத்தை உடைத்தார். இன்று அக்ரிலிக் வர்ணம் வந்துவிட்டது. வேலையும் சுலபமாகிவிட்டது.

படிகாரமே உயிர்

முதலில் துணி. வெள்ளைப் பருத்தியோ பட்டோ நல்லது. கஞ்சி போகத் துவையுங்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் 2 மேஜைக் கரண்டி படிகாரத் தூளைக் கரைத்து ஆறவிடுங்கள். அதில் துணியை 20 நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, அலசாமல் காயப்போடுங்கள்.

பலர் தோற்பது இங்கேதான். படிகாரம் இல்லாவிட்டால், அழகாக ஏறிய வர்ணம் முதல் அலசலிலேயே தொட்டியில் கரைந்துவிடும். அதற்காகப் படிகாரம் ஏற்றிய துணியை வாரக்கணக்கில் போட்டுவைக்கவும் கூடாது. இழை இற்றுப்போகும்.

அடுத்தது தொட்டி நீர். வெறும் தண்ணீரில் அக்ரிலிக் வர்ணம் மூழ்கிவிடும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராகீனன் தூளை, லிட்டருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி வீதம் மிக்ஸியில் அடித்து, ஓர் இரவு வைத்திருங்கள். நீர் குழகுழவென்று ஆகும். வாங்கும்போது "லாம்டா" வகை என்று கேட்டு வாங்குங்கள். ராமநாதபுரம் கடலோரத்தில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியில் கிடைப்பது உறையும் வகை. இதற்கு அது உதவாது.

சீப்பு செய்யும் மாயம்

வர்ணத்தைப் பால் பதத்துக்கு நீர் விட்டுக் கலக்கி, ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். சொட்டு வட்டமாக விரிந்தால் சரி. மூழ்கினால் இன்னும் சிறிது நீர் சேருங்கள். பிறகு குச்சியால் கோடு இழுங்கள். அகலப் பல் சீப்பால் வாருங்கள். மயில் தோகையும் அலையும் தாமாகத் தோன்றும்.

கோலம் பிடிக்கவில்லையா? செய்தித்தாள் துண்டால் மேலே வழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். ஆனால், துணி நீரைத் தொட்ட பிறகு திருத்தம் கிடையாது. இரண்டு பேர் நான்கு முனைகளையும் பிடித்து, நடுப்பகுதி முதலில் படும்படி மெல்ல இறக்குங்கள். உள்ளே காற்று சிக்கினால் அந்த இடம் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். உடனே எடுத்து, குளிர்ந்த நீரில் தேய்க்காமல் அலசி உலர்த்துங்கள். ஒரு வாரம் கழித்து உட்புறத்தில் இஸ்திரி போடுங்கள்.

எச்சரிக்கை!

இதற்கு எடுத்த தட்டும் மிக்ஸி ஜாடியும் மறுபடி சமையலுக்கு ஆகாது. அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக்கின் ஒரு வகை. எனவே மிச்ச வர்ணத்தைக் கிணற்றடியிலோ குளத்திலோ கொட்டக் கூடாது. தாளில் ஊற்றிக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள்.

முதல் நாள் சேலையில் கை வைக்க வேண்டாம். கைக்குட்டையில் தொடங்குங்கள். அக்காளும் தங்கையும் ஒரே தொட்டியில், ஒரே வர்ணத்தில் போட்டாலும், இரண்டு கைக்குட்டைகளும் ஒன்றுபோல் இரா. எது யாருடையது என்ற சண்டைக்கு இனி இடமில்லை!