கண்ணுக்குக் கீழே பையா?

"ஏன்டி, ராத்திரி சரியாத் தூங்கலையா? முகமே வாடிக் கிடக்கே!"

கல்யாண வீட்டில் யாராவது இப்படிக் கேட்டால், நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவளுக்கு எப்படி இருக்கும்? பாவம், குற்றம் தூக்கத்தின் மேல் இல்லை. கீழ் இமையில் தொங்கும் பைதான் அவளைக் காட்டிக் கொடுக்கிறது.

கண்விழியைச் சுற்றி மெத்தை போலக் கொழுப்பு இருக்கிறது. அது முன்னால் சரியாமல் ஒரு மெல்லிய சவ்வு தடுத்து நிறுத்துகிறது. வயதாக ஆக இந்தச் சவ்வு தளர, கொழுப்பு பிதுங்குகிறது. சில குடும்பங்களில் பரம்பரையாக, இளவயதிலேயே தெரியும். வெள்ளரித் துண்டும் க்ரீமும் இந்தக் கொழுப்பை உள்ளே தள்ளிவிடாது.

ஆனால் அவசரப்பட்டு ஆபரேஷனுக்கு ஓடாதீர்கள்! வீக்கம் திடீரென்று வந்ததா? காலும் வீங்குகிறதா? சிறுநீர் நுரைத்துப் போகிறதா? முதலில் சிறுநீரகத்தைப் பரிசோதியுங்கள். தைராய்டு கோளாறாலும், அலர்ஜியாலும்கூட இமை வீங்கும். நோயைக் கவனிக்காமல் இமையை மட்டும் சரிசெய்து என்ன பயன்? கருவளையம் வேறு சங்கதி. தோலின் நிறத்தை இந்த ஆபரேஷன் மாற்றாது.

நோய் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, உள்வழி. இமையின் உட்புறத்தில் சிறிதாகக் கீறிக் கொழுப்பைச் சரிசெய்வார்கள். வெளியே தழும்பு தெரியாது. 1924-லேயே பிரெஞ்சு மருத்துவர் பூர்கே இதை விவரித்திருக்கிறார். தோல் தளராதவர்களுக்கு ஏற்றது.

மற்றது, வெளிவழி. இமை முடிக்குச் சற்றுக் கீழே கீறி, தொங்கும் தோலையும் கொஞ்சம் எடுப்பார்கள். ஒரு வாரத்துக்குள் தையலைப் பிரித்துவிடலாம்.

முன்பெல்லாம் கொழுப்பை வெட்டி எடுத்துவிடுவதுதான் வழக்கம். அளவுக்கு மீறி எடுத்தால் கண் குழிவிழுந்து போகும். அதனால் இப்போது பலருக்கு, அதே கொழுப்பைக் கண்ணுக்குக் கீழுள்ள பள்ளத்தில் பரப்பி விடுகிறார்கள்.

ரத்தக்கட்டும் வீக்கமும் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் வடியும். டாக்டர் சொன்னபடி ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். தலையை உயர்த்திப் படுங்கள். தண்ணீர்க் குடம் தூக்குவதும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வதும் டாக்டர் அனுமதிக்கும்வரை வேண்டாம்.

இரத்த அழுத்தம், கண் வறட்சி, சாப்பிடும் மாத்திரைகள் எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஆஸ்பிரின் போன்றவை ரத்தப்போக்கை அதிகமாக்கும்; ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள். தோலை அதிகம் எடுத்தால் இமை கீழே இழுபட்டு வெளியே திரும்பலாம்.

மிக அரிதாக, கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டிப் பார்வையே போகும் ஆபத்தும் உண்டு. ஆபரேஷனுக்குப் பின் கடுமையான வலி, கண் பிதுங்குதல், பார்வை மங்குதல் என்று எது கண்டாலும், "விடியட்டும், பார்க்கலாம்" என்று இருக்கக் கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆகவே, அழகு நிலையத்தை நம்பாமல், இமை அறுவையில் பயிற்சி பெற்ற கண் மருத்துவரையோ பிளாஸ்டிக் சர்ஜனையோ பாருங்கள். செய்துகொள்வதானால் உங்களுக்காகச் செய்துகொள்ளுங்கள். கல்யாண வீட்டில் கேட்டவளுக்காக வேண்டாம். அவள் அடுத்த கல்யாணத்தில், "என்னடி, இளைச்சுப் போயிட்டே?" என்று கேட்பாள்!