கத்திப் பட்டறைக்கு இரண்டாவது கிறைண்டர் எதற்கு?

வாழ்வாதார உதவிக்கு விண்ணப்பம் நிரப்புகிற பெடியள் சிலர் அண்மைக்காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். கத்தி செய்யும் பட்டறைக்கு ஒரு பெல்ட் கிறைண்டர் போதாதா, உங்களிடம் ஏன் அண்ணை இரண்டு நிற்குது? உதவி தருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். ஒரு குழுவுக்கு ஒரு மெசின் என்பது அவர்களுடைய கணக்கு. வன்னியில் சிறு பட்டறை நடத்துகிறவன் என்ற அளவில் இதற்கு எழுத்திலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

மெசினைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பழைய சாணைக்கல் செய்த வேலையை இங்கே ஒரு பட்டி செய்கிறது. சாண்ட் பேப்பர் போன்ற கரடான துணிப்பட்டி வளையமாக ஒட்டப்பட்டு, மூன்று நான்கு சில்லுகளின் மேல் ஓடும். கத்திக்காரர் பெரும்பாலும் பாவிப்பது 2 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் கொண்ட பட்டி. 36, 60, 120, 220, 400 என்று இலக்கம் கூடக்கூடப் பட்டி நைசாகும். 36இல் இரும்பைத் தின்னவைத்து, 400இல் மினுக்கி முடிப்போம்.

இரண்டு மெசினுக்குப் பலரும் சொல்லும் முதல் காரணம், பட்டி மாற்றும் நேரம் மிச்சம் என்பது. ஒன்றில் 36, மற்றதில் 220 எப்போதும் பூட்டியே இருக்கலாமாம். இதை நான் பெரிய காரணமாக எடுப்பதில்லை. நெம்பை அழுத்திப் பட்டியைக் கழற்றி இன்னொன்றைப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. பத்துக் கத்தியை ஒன்றாக எடுத்து, பத்தையும் 36இல் முடித்துவிட்டுப் பிறகு பத்தையும் 120க்குக் கொண்டுபோனால், நாள் முழுக்க நாலைந்து தடவைதான் பட்டி மாற்ற வேண்டிவரும். தனியாள் வேலை செய்யும் பட்டறையில் இந்தக் காரணத்துக்காக மட்டும் இன்னொரு மெசினுக்குக் காசு போடுவது வீண்.

வேகம் வேறு விசயம். நிமிடத்துக்கு 1440 சுற்றுச் சுழலும் மோட்டரில் 4 அங்குலச் சில்லுப் போட்டால் பட்டி செக்கனுக்கு ஏறத்தாழ 7.5 மீற்றர் ஓடும். 6 அங்குலச் சில்லு என்றால் 11 மீற்றரைத் தாண்டும். 2880 சுற்று மோட்டரில் அதே 4 அங்குலச் சில்லு 15 மீற்றர் வரை கொண்டுபோகும். செரமிக் மணி ஒட்டிய கரடுப் பட்டிக்கு வேகமும் வேண்டும், அழுத்தமும் வேண்டும். அப்போதுதான் மழுங்கிய மணி உடைந்து புதிய கூர் வெளியே வரும். மெதுவாக ஓடவிட்டால் மணி உடையாது, பளபளத்து வழுக்கிப்போகும். விலை கூடிய பட்டி அரை வாழ்வில் குப்பைக்குப் போகும்.

தோய்ச்சல் முடிந்த கத்திக்கு இந்த வேகம் எமன். லொறி வில்லுத் தகட்டில் அடித்த கத்தியைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த பிறகு, 200 பாகை செல்சியஸ் அளவில் ஒன்றிரண்டு மணித்தியாலம் வைத்துப் பதப்படுத்துகிறோம். அதற்குப் பிறகு விளிம்பு அந்தச் சூட்டைத் தாண்டக் கூடாது. தாள் போல மெலிந்த விளிம்பு வேகப் பட்டியில் ஒரு கணம் கூடுதலாகப் பட்டாலே நீலம் பாயும். நீலம் என்றால் 300 பாகையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே தண்ணீரில் முக்கினாலும் போன கடினம் திரும்பாது. மேலே மினுக்கி நிறத்தை மறைக்கலாம், ஆனால் அந்த இடம் முதல் தேங்காய்க்கே மடியும். கையுறை போடாமல் வெறுங்கையால் பிடிப்பதும் இதற்காகத்தான். விரல் பொறுக்காத சூட்டைக் கத்தியும் பொறுக்காது. கையுறை பட்டியில் இழுபடும் ஆபத்து அதற்கு மேல்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எப்.டி பெட்டி பூட்டினால் ஒரே மெசினில் இரண்டையும் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். வீட்டு 230 வோல்ட் ஒற்றைக் கட்ட மின்சாரத்தை உள்ளே எடுத்து, மூன்று கட்ட மோட்டரை அது ஓட்டும். மோட்டரின் இணைப்பை டெல்ற்றாவாக மாற்றிக் கட்டவேண்டும், அவ்வளவுதான். கையில் காசிருந்தால் முதல் மெசினையே அப்படி எடுங்கள். என்னுடைய முதல் மெசின் அப்படிப்பட்டதல்ல. அது வேகமாக மட்டும்தான் ஓடும். பழைய இரும்புக் கடையில் எடுத்த 1440 சுற்று மோட்டருக்கு இரண்டரை அங்குலச் சில்லுப் போட்டு, செக்கனுக்கு 5 மீற்றருக்குள் ஓடுகிற இரண்டாவதை நாங்களே வெல்டிங் செய்துகொண்டோம்.

வேகப் பெட்டியால் தீர்க்க முடியாத காரணம் மரத்தூள். பிடிக்கு முதிரை, வேம்பு, சில வேளை இடிந்த வீடுகளில் கழற்றிய பழைய பனஞ்சலாகை என்று போடுகிறோம். பிடியை வடிவாக்கும்போது பறக்கிற தூள் மெசினுக்கு அடியிலும் சில்லு இடுக்கிலும் சேரும். அதே மெசினில் பிறகு இரும்பைப் பிடித்தால் தீப்பொறி நேரே அந்தத் தூளில் விழும். உடனே பற்றாது, அதுதான் ஆபத்து. உள்ளே கனன்றுகொண்டு கிடந்து, பட்டறையைப் பூட்டிவிட்டுப் போன பிறகு எரியும். ஆகவே இரும்பு மெசினுக்குக் கீழே தண்ணீர் வாளி வைத்திருக்கிறோம். மர மெசினின் தூளைத் தனிச் சாக்கில் பிடிக்கிறோம். ஒன்றின் தூள் மற்றதோடு சேரக் கூடாது.

எங்கள் பகுதி மரத்தில் இன்னொரு சங்கதி உண்டு. வெளியே நல்ல வைரமாகத் தெரிகிற கட்டைக்குள் செல் சிதறல் இருக்கும். மரம் காயத்தை மூடி வளர்ந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. வாள் ஆலைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும், எத்தனையோ வாள் பல்லை அது தின்றிருக்கிறது. மரத்தூளுக்கு நடுவில் பட்டி அந்தத் துண்டில் உரசினால், மர மெசினிலும் பொறி பறக்கும். கட்டையைத் துண்டாக்கியதும் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை அதன் மேல் தடவிப் பார்ப்போம். காந்தம் இழுத்தால் அது அடுப்புக்குக்கூடப் போகாது, ஒரு மூலையில் போட்டுவிடுவோம். பித்தளை, அலுமினியம் காந்தத்துக்குப் பிடிபடாது என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். சந்தேகமான கட்டையை எடுக்காமல் விடுவதே மேல்.

எங்கள் பட்டறையில் இரண்டாவது மெசின் வந்ததற்கு உண்மையான காரணம் இவை எதுவுமில்லை. என்னோடு வேலை செய்கிறவருக்கு இடது கால் முழங்காலுக்கு மேல் இல்லை. பொய்க்கால் போட்டு நடக்கிறார், ஆனால் அதில் மணிக்கணக்காக நின்று கத்தி பிடிக்க முடியாது. கிறைண்டரில் கை நடுங்காமல் இருக்கவேண்டுமென்றால் முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, பட்டி அந்த உயரத்தில் ஓட வேண்டும். நிற்கிற எனக்குச் சரியான உயரம், கதிரையில் இருக்கிற அவருக்கு நெற்றி உயரம். பொறி முகத்துக்கு வரும். அவருக்கு இறக்கினால் எனக்கு முதுகு உடையும். ஒரு மெசினை மாறி மாறி ஏற்றி இறக்கிப் பார்த்தோம். நாளில் பாதி அதிலேயே போனது.

இப்போது மெதுவான மெசின் அவருடையது. கதிரைக்குக் கணக்காக அடித்த மேசையில், நிறுத்தும் சுவிச்சை முழங்கையால் தட்டக்கூடிய இடத்தில் பூட்டியிருக்கிறோம். கடைசி விளிம்பு பிடிப்பது முழுக்க அவர்தான். அந்த வேலையில் என்னைவிட அவர் கை சுத்தம். வாசலில் ஆட்கள் கொண்டுவரும் பழைய மீன் கத்தி, கொடுவாக்கத்தி, சத்தகம் எல்லாவற்றுக்கும் அவரே கூர் போட்டுக் கொடுக்கிறார். அறுவடை இயந்திரம் வந்த பிறகு அரிவாள் ஓடர் பெரும்பாலும் நின்றுபோன எங்களுக்கு, அன்றாடம் கையில் விழுகிற காசு அந்தக் கூர்க்காசுதான். ஒரு குழுவுக்கு ஒரு மெசின் என்று படிவம் எழுதுகிறவர்கள் அந்தக் குழுவில் யார் நிற்க முடியும், யார் இருக்க வேண்டும், யாருக்கு ஒரு கை என்று ஒரு வரி கேட்டால் நல்லது.

இனிக் காசுக் கணக்கு. இந்தத் தொழிலில் மெசினைவிடப் பட்டிதான் பணத்தைத் தின்னும். 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதத்தில் 360 வரை போனபோது, வெளிநாட்டிலிருந்து வருகிற பட்டியின் விலையை எங்கள் வாடிக்கையாளர் தாங்கவில்லை. தேய்ந்த பட்டியை இழுத்து இழுத்துப் பாவித்தால் வெட்டாது, சூடுதான் ஏறும். ஆகவே மூன்று மாதத்துக்கான பட்டி கையில் இல்லாதவர் இரண்டாவது மெசினை நினைக்கவே வேண்டாம். அடித்த கத்தியில் ஒட்டியிருக்கிற கருஞ்செதிலைப் பட்டியால் உரிக்காமல், இரவு முழுக்க வினாகிரியில் போட்டுக் கழுவி எடுத்தால் கரடுப் பட்டி நீண்ட நாள் உழைக்கும். பட்டியை ஆணியில் மடித்துத் தொங்கவிடாமல் தடித்த பைப்பில் போட்டு, மாரியில் ஈரம் படாமல் வையுங்கள். ஈரம் பட்ட பட்டி ஒட்டிய இடத்தில் அறுந்து முகத்துக்கு வரும்.

வாராவாரம் கட்டுகிற நுண்கடனில் மட்டும் மெசின் எடுக்காதீர்கள். கத்திக் காசு வாராவாரம் வராது. மின்சாரத்தையும் பாருங்கள். 1.5 கிலோவாற் மோட்டர் இரண்டு ஒன்றாக ஓடினால் 15 அம்பியருக்கு மேல் இழுக்கும், ஸ்ராட் ஆகிற கணத்தில் அதன் பல மடங்கு. கம்பி முடிவில் இருக்கிற ஊர்களில் மின்னழுத்தம் விழுந்து மோட்டர் எரியும். நாங்கள் ஒன்றை ஸ்ராட் பண்ணி அது வேகம் பிடித்த பிறகுதான் மற்றதைத் தட்டுவோம். ஒவ்வொன்றுக்கும் தனி பிறேக்கர், தனி எர்த் கம்பி போட்டிருக்கிறோம்.