யார் தள்ளியது?

என் பேத்திக்கு ஏழு வயது. நாக்பூரிலேயே பிறந்து வளர்பவள். சென்ற மார்கழியில் என் மனைவி அவளுக்கு நாச்சியார் திருமொழி சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாள். கண்ணனின் வாய்மணம் எப்படி என்று ஆண்டாள் சங்கிடம் கேட்கும் இடம். அங்கே மணப்பதற்கு 'நாறு' என்ற சொல்தான் வருகிறது. குழந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அந்தக் காலத்தில் நாற்றம் என்றால் நல்ல வாசனைதான் அம்மா" என்றேன்.

"யார் தாத்தா மாத்தினது?"

யாரும் மாற்றவில்லை என்றால் நம்ப மறுக்கிறாள். பால் கொட்டினால் "யார் கொட்டினது?" என்று கேட்டுப் பழக்கியவர்கள் நாம்தானே!

எனக்குத் தெரிந்தது தண்டவாளம். அதைச் சொன்னேன். வண்டி ஓடும்போது சக்கரத்தின் அடியில் தண்டவாளம் அலைபோல் அமுங்கி எழும்பும், பிரேக் போட்டால் இழுபடும், வெயிலில் நீளும். இப்படியே கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடும். இரட்டைப் பாதையில் பெரும்பாலும் வண்டி போகும் திசையிலேயே நகரும். 'க்ரீப்' என்போம். எந்த டிரைவரும் தண்டவாளத்தைத் தள்ள நினைத்ததில்லை. ஊர் போய்ச் சேரத்தான் நினைத்தார். பாதையின் இருபுறமும் கம்பம் நட்டு, தண்டவாளத்தில் உளியால் குறியிட்டு, குறுக்கே கயிறு பிடித்து அளப்போம். 150 மில்லிமீட்டருக்கு மேல் போகவிடக் கூடாது. விட்டால் ஓரிடத்தில் இணைப்பு அகலும், இன்னோரிடத்தில் இடைவெளியே இருக்காது. கோடையில் தண்டவாளம் நெளிந்துவிடும்.

தலையாட்டினாள். புரிந்த முகமாகத் தெரியவில்லை.

கூடத்துக் கால்மிதியைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன். யாரும் தள்ளக்கூடாது, சரி செய்யவும் கூடாது. எட்டாம் நாள் அது சமையலறைப் பக்கம் ஐந்து விரற்கடை போயிருந்தது. வீடு முழுக்க விசாரணை நடத்தினாள். எல்லோரும் "நான் இல்லை" என்றார்கள். எல்லோரும் சொன்னது உண்மை.

அன்றிரவு சாப்பாட்டில், "அம்மா, பானி வேணும்" என்றாள். என் மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தனை தடவை சொல்றது? தமிழ்ல கேளு!"

கண் கலங்க, "நான் தள்ளலைப்பா, மிதிச்சேன்" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்ல? முப்பது வருஷமாக நானே 'சப்ஜி' வாங்கத்தான் பை எடுக்கிறேன். என்னை யாரும் அதட்டியதில்லை.

நகர்ந்த தண்டவாளத்தை கேங்மேன்கள் இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவார்கள் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுவிட்டாள். வீட்டில் யார் எந்த இந்திச் சொல்லைச் சொன்னாலும் தேதியோடு ஏறுகிறது. முதல் வாரக் கணக்கு: அவள் 11, நான் 14.