காஞ்சிக்கு ஒரு நாள் – 9: பகைவன் எழுதிய கல்

சென்ற வாரம் ஏகாம்பரநாதர் சந்நிதியில், கிருஷ்ணதேவராயர் 1509ஆம் ஆண்டில் எழுப்பிய ராஜகோபுரத்தின் நிழலில் நின்றோம். அதற்கு மேல் நினைவூட்ட வேண்டியதில்லை. இந்த வாரம் வைகுந்தப் பெருமாள் கோயில் என்று வாக்களித்திருந்தேன். அதை எழுத உட்கார்ந்தபோது, ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டையில் நிகழ்ந்த சிறு சம்பாஷணை ஒன்று, முன்பே பார்த்துவிட்டோம் என்று நாம் நினைத்திருந்த கைலாசநாதர் கோயிலுக்கே என்னைத் திரும்ப அழைத்துச் சென்றுவிட்டது.

அருணகிரிநாதர் கோடைநகர் என்று பாடிய வல்லக்கோட்டையில், ஏழடி உயரத்தில் நின்று அருள்புரியும் முருகப் பெருமானைத் தரிசிக்க, ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களே பெரும்பாலும் வந்துகொண்டிருந்தனர். இன்றோ, ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் எழுந்துள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பொருட்டுப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்து தங்கியிருக்கும் இளைஞர்கள், வார விடுமுறையில் குளித்துத் திருநீறிட்டு, நம் கிராமத்துத் தாய்மார்களுக்குப் பின்னே தரிசன வரிசையில் நிற்கும் காட்சியைக் காண்கிறோம். அப்படி எனக்கு முன்னே நின்ற ஓர் இளைஞர், தம் ஊர் பாதாமிக்கு அருகே என்று சொன்னார். பாதாமி என்றால் பழைய வாதாபி! காஞ்சியைப் பற்றி நான் எழுதுவதை அறிந்ததும் அவர் கேட்டார்:

“சார், உங்க காஞ்சிபுரத்துல எங்க ஊர்க்காரங்க செஞ்சது ஏதாச்சும் இருக்கா?”

“இருக்கு தம்பி. இன்னைக்கே வர்றீங்களா?” என்றேன்.

ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ் ஏறி, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சியை அடைந்து, பிள்ளையார்பாளையத்துத் தறிகளின் ஓசையைக் கடந்து கோயில் வாசலுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது வெயில் சற்றே தணிந்திருந்தது. ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த அம்மணற்கல் ஆலயத்தின் திருச்சுற்றில் வரிசையாக அமைந்த சிறு கோயில்களைப் பற்றியும், 1931ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் கண்டறிந்த பல்லவர் ஓவியத் துணுக்குகளைப் பற்றியும் முன்பே எழுதியிருக்கிறேன். இம்முறை அவற்றில் எதனிடமும் நிற்காமல், நேரே முன்மண்டபத்துத் தூண்களிடம் அவரை அழைத்துச் சென்றேன்.

கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தைப் படித்த தமிழர் யாவரும், அத்தூண்களில் ஒன்று சொல்லும் வரலாற்றின் முற்பாதியை அறிவர். 642ஆம் ஆண்டையொட்டி மாமல்ல நரசிம்மவர்மன் சளுக்கியப் பேரரசன் இரண்டாம் புலிகேசியை வென்று வாதாபியைக் கைப்பற்றினான்; சேனாபதி பரஞ்சோதி, பின்னாளில் சிறுத்தொண்ட நாயனார் ஆனார்; வாதாபியிலிருந்து பிள்ளையாரைக் கொண்டுவந்தார் என்ற வழக்கு திருச்செங்காட்டங்குடியில் இன்றும் நிலவுகிறது. நாவல் முடியும் இடத்தில் நம்மில் பலருக்குச் சரித்திரமும் முடிந்துபோகிறது. ஆனால் அவ்வெற்றிக்கு ஏறத்தாழ ஒரு நூறாண்டு கழித்து, புலிகேசியின் பேரனுக்குப் பேரனான இரண்டாம் விக்கிரமாதித்தன், நந்திவர்ம பல்லவனைத் தோற்கடித்துக் காஞ்சிக்குள் நுழைந்தான். முன்னோரின் தலைநகர் பட்ட பாட்டை நெஞ்சில் சுமந்து வந்தவன். நகரம் அவன் காலடியில் கிடந்தது. அதன் மாபெரும் கோயில்கள் பொன்னும் மணியுமாகத் திறந்து கிடந்தன.

அவன் மகன் கீர்த்திவர்மன் 757ஆம் ஆண்டில் அளித்த வக்கலேரிச் செப்பேடு, அப்போது நடந்ததைச் சொல்கிறது. போர்க்களத்தில் பல்லவனுடைய கடுமுகவாதித்திரம், சமுத்திரகோஷம் என்னும் வாத்தியங்களையும், கட்வாங்கக் கொடியையும், யானைகளையும் மாணிக்கங்களையும் அவன் கவர்ந்தான். நகரத்தையோ அழிக்கவில்லை, அந்தணர்க்கும் ஆதரவற்றோர்க்கும் தானம் வழங்கி, ராஜசிம்மேசுவரம் (இந்தக் கைலாசநாதர் கோயிலேதான்) முதலிய கற்கோயில்களுக்குப் பொற்குவியல்களைச் சமர்ப்பித்தான். மகன் தந்தையைப் புகழ்ந்து எழுதிக்கொண்டான் என்று ஐயுறுவோர்க்கு விடையாகவே, காஞ்சியிலேயே, இந்தக் கைலாசநாதர் கோயில் மண்டபத்துத் தூண் ஒன்றின் பின்புறத்தில், பழங்கன்னட மொழியில் ஒரு சாஸனம் நிற்கிறது. விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றான், ராஜசிம்மேசுவரத்தின் செல்வத்தைப் பார்வையிட்டான், அதனைத் தேவருக்கே திரும்ப அளித்தான் என்பது அதன் சாரம். பார்வையிட்ட பின் அளித்தான் என்னும் அச்சொல்லிலேயே என் மனம் இந்த வாரம் முழுவதும் லயித்திருக்கிறது. செல்வம் இன்னதென்று அறியாமல் விட்டவன் அல்லன் அவன். கண்ணாரக் கண்டு, கை நீட்டினால் எட்டும் தொலைவில் நின்று, பின்பு வேண்டாம் என்றவன்.

சாஸனத்தின் இறுதியில் ஒரு சாபமும் உண்டு. இவ்வெழுத்தையும் அரசனின் தர்மத்தையும் அழிப்போர், இந்நகரத்துக் கடிகையின் மகாஜனங்களைக் கொன்றவர் புகும் உலகத்தில் புகுவர் என்கிறது. காஞ்சியின் கல்விச்சாலையாகிய கடிகையின் பெருமையைக் கன்னட நாட்டவன் அறிந்திருந்ததில் வியப்பில்லை. அவனுக்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே மயூரசர்மன் என்னும் பிராமண இளைஞன் வேதம் பயில அங்கிருந்து இக்கடிகைக்கு வந்தான். வந்த இடத்தில் பல்லவக் குதிரை வீரனோடு நேர்ந்த சச்சரவால் மனம் புண்பட்டு, தர்ப்பை பிடித்த கையில் வாளேந்தி, கதம்ப வம்சத்தையே நிறுவினான் என்று தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. காஞ்சியில் படிக்க வந்து ஓர் அரசு கண்ட அந்த மாணவனைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம்.

இளைஞர் தூணருகே நெடுநேரம் நின்றார். எட்டாம் நூற்றாண்டின் எழுத்து இக்காலக் கன்னட வடிவினின்றும் வேறுபட்டது. ஆகவே அவரால் வாசிக்க இயலவில்லை. பொருளை நான் சொல்லச் சொல்லத் தம் மொழியில் ஒருமுறை தாமே சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, “எங்க ஊர்லயும் பல்லவர் கல்வெட்டு பாறையில இருக்கு சார், சின்ன வயசுல காட்டுவாங்க” என்றார். உண்மைதான், வாதாபியை வென்ற செய்தியை நரசிம்மவர்மன் தன் பதின்மூன்றாம் ஆட்சியாண்டில் அங்குள்ள பாறையில் பொறித்தான். அங்கே நம் எழுத்து, இங்கே அவர்கள் எழுத்து. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக இரு ஊரிலும் மாற்றாரின் எழுத்து நின்றுவருகிறது.

பாதாமிக்குச் சற்றுத் தொலைவிலுள்ள பட்டடக்கல்லில், விக்கிரமாதித்தனின் பட்டத்தரசி லோகமகாதேவி, தன் கணவன் மும்முறை காஞ்சியை வென்றதன் நினைவாக எடுப்பித்த விரூபாட்சர் கோயிலைக் கண்டவர்கள், அதன் மதிலை ஒட்டிய சிறு கோயில்களையும் விமானத்தையும் நோக்கிக் கைலாசநாதரையே நினைவுகூர்வர். 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அத்தொகுதியை ஆயிரக்கணக்கானோர் காண்கின்றனர். அதன் மூலமான காஞ்சிக் கோயிலிலோ, வருகிறவர்கள் சிங்கத் தூண்களின் அருகே படம் எடுத்துக்கொண்டு, கருவறையைச் சுற்றியுள்ள குறுகலான வழியில் ஊர்ந்து வந்து மகிழ்ந்து திரும்புகிறார்கள். அவை யாவும் பார்க்கத் தக்கவையே. எனினும், காஞ்சியில் ஒரே ஒரு பொருளைத்தான் காண நேரமுண்டு என்று ஒருவர் என்னிடம் சொன்னால், வானளாவிய கோபுரங்களை விடுத்து இந்தத் தூணையே காட்டுவேன்.

வல்லக்கோட்டைப் பக்கத்து அறைகளில் பிற மாநிலத்து நண்பர்களோடு தங்கியிருக்கும் வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த விடுமுறையில் ஒரு கன்னட நண்பரையேனும் உடன் அழைத்துச் சென்று, அத்தூணின் பின்புறத்தைக் காட்டுங்கள். எழுத்தின்மேல் கை வைக்க வேண்டாம், மணற்கல் தேய்ந்துவிடும். விக்கிரமாதித்தனிடம் தோற்ற அதே நந்திவர்மன் கட்டிய வைகுந்தப் பெருமாள் கோயிலை அடுத்த வாரம் பார்ப்போம்.