மின்சாரத் தண்ணீர் பம்பை நம்பலாமா?

பெட்ரோல் எஞ்சினுக்குள் எரிபொருள் எரியும்போது வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியசையும் தாண்டுகிறது. எஞ்சினின் முக்கிய பாகங்கள் செய்யப்படும் அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படியிருந்தும் கார் நாள் முழுதும் ஓடுகிறதென்றால், எஞ்சினைச் சுற்றி இடைவிடாது ஓடும் குளிர்நீரே அதற்குக் காரணமாகும். குருதியை இதயம் செலுத்துவது போல இந்நீரைச் செலுத்துவது தண்ணீர் பம்பு. அண்மைக் காலக் கார்கள் பலவற்றில் இப்பம்பு மின்சாரத்தால் இயங்குகிறது. இம்மாற்றம் ஏன் வந்தது, அது எவ்வளவு நம்பத்தக்கது என்பதைச் சற்றே காண்போம்.

வழக்கமான பம்பை எஞ்சினே பெல்ட் மூலம் சுழற்றுகிறது. எனவே எஞ்சினின் வேகமே பம்பின் வேகம். நெடுஞ்சாலையில் விரையும்போது தேவைக்கு மேல் நீரைச் செலுத்தி ஆற்றலை வீணாக்கும். நெரிசலில் நிற்கும்போது, காற்றோட்டம் குறைந்த அந்நேரத்தில், தானும் மெதுவாகவே சுழலும். எஞ்சினை நிறுத்தினால் பம்பும் நின்றுவிடும்.

மின்சாரப் பம்புக்கு இக்கட்டுப்பாடு இல்லை. காரிலுள்ள கணிப்பொறி வெப்பத்தை அளந்து, வேண்டிய அளவுக்கே அதனை இயக்குகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சின் விரைவில் சூடேற வேண்டுமானால் பம்பை ஓய்வாக வைத்திருக்கலாம்; எஞ்சின் நின்ற பின்னும் பம்பை ஓடவிட்டு மிச்ச வெப்பத்தை அகற்றலாம். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2004-ல் அறிமுகம் செய்த 'என் 52' எஞ்சினின் பம்புக்குச் சுமார் 200 வாட் மின்சாரமே போதுமானதாக இருந்தது. 2009-ல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் காரிலோ, துணைக் கருவிகளைச் சுழற்றும் பெல்ட்டே இல்லை. அதன் எஞ்சின் அடிக்கடி தானே நின்று மீண்டும் இயங்கும் வகையைச் சேர்ந்ததாதலால், மின்சாரப் பம்பு அதற்கு மிகவும் பொருத்தமாயிற்று.

இனி நம்பகத்தன்மைக்கு வருவோம். பழைய பம்பில் முதலில் கெடுபவை பேரிங்கும், சுழலும் தண்டைச் சுற்றியுள்ள சீலும்தான். புதிய பம்புகள் பலவற்றில் மோட்டாரின் சுழலும் பகுதி குளிர்நீருக்குள்ளேயே அமைந்திருப்பதால், தண்டுக்குச் சீலே தேவையில்லை. இவ்வகையில் ஒரு பெரிய பலவீனம் ஒழிந்தது எனலாம்.

ஆனால் வேறு பலவீனங்கள் குடிபுகுந்தன. நுண்ணிய மின்னணுச் சுற்று, எஞ்சினின் வெப்பத்துக்கும் அதிர்வுக்கும் அருகிலேயே ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. கம்பி இணையும் பிளக்கில் ஈரம் புகுந்தாலும் ஆபத்து. 2024 ஆகஸ்டில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் அமெரிக்காவில் 7,20,000-க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. பம்பின் மின்இணைப்பு சரியாக அடைக்கப்படாததால், மேலிருந்து சொட்டும் திரவம் அதனுள் புகுந்து மின்கசிவும் தீயும் ஏற்படக்கூடும் என்பதே காரணம். பம்பைச் சோதித்து, தேவைப்பட்டால் மாற்றி, அதன் மேல் ஒரு காப்புத் தகடு பொருத்துவதே அதற்குச் சொல்லப்பட்ட தீர்வு. நீரைத் தள்ளும் சக்கரத்தில் குறையில்லை. சிறியதோர் இணைப்பில்தான் குறை.

இரண்டுக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. பழைய பம்பு பெரும்பாலும் சொல்லிவிட்டே சாகும். தரையில் நீர் சொட்டும், பேரிங் கீச்சிடும். கவனமுள்ள ஓட்டுநர் பட்டறைக்குப் போக அவகாசம் கிடைக்கும். மின்சாரப் பம்போ வெளியே அடையாளம் எதுவும் காட்டாமல் திடீரென நின்றுவிடக் கூடும். அப்போது பேசுவது முகப்புப் பலகையில் எரியும் எச்சரிக்கை விளக்கு ஒன்றே. "இன்னும் ஐந்து மைல்தானே, வீட்டுக்குப் போய்விடலாம்" என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கெட் கிழியலாம். பம்பின் விலையோடு போயிருக்க வேண்டிய செலவு, எஞ்சினின் விலையில் வந்து நிற்கும்.

ஆகவே இப்பம்பு உள்ள காரை வைத்திருப்போர் சில செய்திகளை மனத்தில் கொள்ளலாம். வெப்ப எச்சரிக்கை வந்தவுடன் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கலாகாது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட கூலண்டையே ஊற்ற வேண்டும். பம்பை மாற்றிய பின் குழாய்களில் காற்று தங்காதபடி அதனை முறையாக வெளியேற்ற வேண்டும், சில பி.எம்.டபிள்யூ. கார்களில் இதற்காக எஞ்சினை இயக்காமல் பம்பை மட்டும் சுமார் 12 நிமிடம் ஓடவிடுவர். பழைய கார் வாங்குவோர் பம்பு எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டறிவது நலம்.

மின்சாரப் பம்பை நம்பலாமா என்றால், நம்பலாம். பழைய பம்பு காதுக்கும் கண்ணுக்கும் எச்சரிக்கை தந்தது. புதியது ஒரு சிறு விளக்கின் வழியே தருகிறது. அவ்விளக்கை மதிப்பவருக்கு அது நெடுங்காலம் உழைக்கும்.