கேபிளின் எந்த முனை எஜமான்?

ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் ‘ஸீரோ’ என்ற குட்டிக் கணினி 2015 நவம்பரில் வெளிவந்தபோது அதன் விலை ஐந்து டாலர். அந்த நிறுவனத்தார் ‘மேக்பை’ என்ற தங்கள் இதழின் அட்டையிலேயே ஒட்டி இலவசமாகவும் கொடுத்தார்கள். பத்திரிகை வாங்கப் போனவர் கணினியோடு வீடு திரும்பினார். அந்தச் சின்னப் பலகையின் ஓரத்தில் பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு மைக்ரோ யு.எஸ்.பி. துளைகள். ஒன்று மின்சாரத்துக்கு மட்டும். மற்றதில் ஓ.டி.ஜி. அடாப்டர் வைத்துக் கீபோர்டைச் செருகினால் ஸீரோ ஒரு கணினி. அதே துளையிலிருந்து சாதாரணக் கேபிளை லேப்டாப்புக்கு இழுத்தால், லேப்டாப்பின் கண்ணுக்கு ஸீரோ வெறும் நெட்வொர்க் கார்டு. மானிட்டர் வேண்டாம், தனி அடாப்டர் வேண்டாம்; மின்சாரமும் தகவலும் ஒரே கேபிளில் போய்விடும்.

இந்த இரண்டாவது வேடம் தானாக வராது. ஸீரோவில் ஓடும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் சில தேர்வுகள் சரியாக அமைந்திருக்க வேண்டும்.

1996-இல் யு.எஸ்.பி. பிறந்தபோது அதில் சமத்துவம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு முனை ஹோஸ்ட், மறுமுனை டிவைஸ். வாத்தியார் பெயர் கூப்பிடாமல் வாய் திறக்கக்கூடாத மாணவனின் நிலைதான் டிவைஸுக்கு. மவுஸை அசைத்தால் அது தானாக முந்திக்கொண்டு சொல்வதில்லை. ‘ஏதாவது உண்டா?’ என்று சில மில்லிவினாடிக்கு ஒருமுறை ஹோஸ்ட் கேட்டுக்கொண்டே இருக்கிறது. உண்டென்றால் அப்போது பதில் போகிறது. முகவரி கொடுப்பது, நேரம் ஒதுக்குவது, 5 வோல்ட் கொடுப்பது எல்லாம் ஹோஸ்டின் பொறுப்பு. இரண்டு ஹோஸ்ட்களை யாரும் தவறிக்கூட இணைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் தட்டையான ஏ முனை, சதுரமான பி முனை என்று பிளக்கின் உருவத்தையே பிரித்து வைத்தார்கள்.

கேமராவை நேரே பிரிண்டரில் செருகினால் என்ன என்ற ஆசை வந்ததும் இந்த ஏற்பாடு இடித்தது. 2001-இல் ஓ.டி.ஜி. என்ற துணை விதி வந்தது. அதன் உயிர்நாடி, மினி, மைக்ரோ பிளக்குகளில் கூடுதலாக இருக்கும் ஐந்தாவது கம்பி. அதற்கு ஐ.டி. என்று பெயர். மைக்ரோ-ஏ பிளக்கில் அது தரைக்கம்பியோடு இணைந்திருக்கும். மைக்ரோ-பி பிளக்கில் எதோடும் சேராமல் தனியே நிற்கும். தரையைத் தொட்டால் ‘நான் ஹோஸ்ட்’, தொடாவிட்டால் ‘நான் டிவைஸ்’. கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஓ.டி.ஜி. அடாப்டரின் வித்தையெல்லாம் அந்த ஒரு இணைப்புதான்.

2014-இல் வந்த டைப்-சி ஐ.டி. கம்பியை ஒழித்துவிட்டு, சி.சி. எனப்படும் இரண்டு முனைகளில் ரெசிஸ்டர் வைத்து ஆளை அடையாளம் காண்கிறது. மின்சாரம் வாங்கும் பக்கம் இரண்டு முனைகளுக்கும் தனித்தனியாக 5.1 கிலோஓம் வைக்க வேண்டும். 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4-இன் முதல் பதிப்பில் இரண்டையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் முடித்துவிட்டார்கள். விளைவு, உள்ளே அடையாளச் சிப் கொண்ட சில உயர்ரகக் கேபிள்களில் சார்ஜர் அந்தப் பலகையை ஹெட்போன் அடாப்டர் என்று நினைத்து மின்சாரமே கொடுக்கவில்லை. அடுத்த பதிப்பில் திருத்தினார்கள். ஒரு ரெசிஸ்டரில் மிச்சம் பிடித்தால் இவ்வளவு தூரம் போகும்.

ஸீரோவுக்கு வருவோம். அதன் சிப்புக்குள் இருப்பது சினாப்ஸிஸ் நிறுவனத்தின் ‘டி.டபிள்யூ.சி.2’ கன்ட்ரோலர். ஹோஸ்டாகவும் டிவைஸாகவும் நடக்கத் தேவையான சுற்றுகள் இரண்டும் அதில் உண்டு. ஆனால் கெர்னலில் இந்த இரண்டும் தனித்தனி உலகங்கள். ஹோஸ்ட் பக்கத்தில் கீபோர்டு, பென்டிரைவ், வெப்கேம் இவற்றைக் கையாளும் டிரைவர்கள். எதிர்ப்பக்கத்தில் ‘கேட்ஜெட்’ எனப்படும் பகுதி. அங்கே கணினியே பென்டிரைவாகவோ நெட்வொர்க் கார்டாகவோ வேடம் கட்டுகிறது. லினக்ஸில் இந்தப் பகுதிக்கு அடித்தளம் போட்டவர் டேவிட் பிரவுனெல்.

கெர்னலை நாமே கட்டும்போது, தேர்வுகளைக் கேட்கும் மெனுகான்ஃபிக் திரையில் டி.டபிள்யூ.சி.2-க்குக் கீழே மூன்று வரிகள் இருக்கும்: ஹோஸ்ட் மட்டும், கேட்ஜெட் மட்டும், இரட்டை வேடம். மூன்றில் ஒன்றைத்தான் எடுக்கலாம். பார்வைக்கு எளிது. ஆனால் மூன்றாவது வரி சில சமயம் திரையிலேயே இருக்காது. பலர் முட்டிக்கொள்ளும் இடம் இது. கெர்னலில் ஒவ்வொரு பகுதியையும் ‘ஒய்’ என்று உள்ளேயே பதிக்கலாம். ‘எம்’ என்று தேவைப்படும்போது ஏற்றும் மாட்யூலாக வெளியே வைக்கலாம். கன்ட்ரோலர் டிரைவருக்கு ‘ஒய்’ கொடுத்து, கேட்ஜெட் பகுதிக்கு ‘எம்’ கொடுத்துவிட்டால் இரட்டை வேடத்துக்கான வரி மறைந்துவிடும். காரணம் நியாயமானதுதான்: கெர்னலோடு கலந்துவிட்ட டிரைவர், வெளியே தனிக் கோப்பாகக் கிடக்கும் கேட்ஜெட் பகுதியின் செயல்களை நம்பிக் கட்டப்பட முடியாது. ஆனால் திரை இதைச் சொல்வதில்லை. வரியை மட்டும் ஒளித்து வைக்கும். இரண்டையும் ‘ஒய்’ ஆக்கினாலோ, டிரைவரை ‘எம்’ ஆக்கினாலோ அது திரும்பி வரும்.

இத்தோடு முடியவில்லை. பலகையில் எது எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் ‘டிவைஸ் ட்ரீ’யில் ‘டி.ஆர். மோட்’ என்றொரு குறிப்பு உண்டு. அதற்கு ஹோஸ்ட், பெரிஃபெரல், ஓ.டி.ஜி. என்று மூன்று மதிப்புகள். ஆக, சிப் எதைச் செய்ய வல்லது, கெர்னல் எதற்காகக் கட்டப்பட்டது, டிவைஸ் ட்ரீ எதைக் கேட்கிறது என்று மூன்று பேர் பேசுகிறார்கள். சிப்பும் கெர்னலும் அனுமதிப்பதுதான் கடைசியில் நடக்கும். ‘ஹோஸ்ட் மட்டும்’ என்று கட்டிய கெர்னலிடம் ஓ.டி.ஜி. கேட்டால் பிழை காட்டி நிற்காது. அமைப்புகள் முரண்படுவதால் ஹோஸ்டாக மாற்றிவிட்டேன் என்று லாகில் ஒரு எச்சரிக்கை வரி எழுதிவிட்டுத் தன் போக்கில் போகும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் கேபிளை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களே அதிகம்.

ராஸ்பெர்ரி பைக்கான ஆயத்தக் கெர்னலில் கட்டும் வேலை நமக்கு இல்லை. அதில் வழக்கமாக இயங்குவது ஹோஸ்ட் வேலைக்கான வேறொரு டிரைவர். கான்ஃபிக் கோப்பில், டிவைஸ் ட்ரீயைத் திருத்தும் டி.டபிள்யூ.சி.2 ஓவர்லே வரியைச் சேர்த்து, பூட் கட்டளை வரியில் டி.டபிள்யூ.சி.2 டிரைவரையும் நெட்வொர்க் கார்டு வேடத்துக்கான ‘ஜி-ஈதர்’ மாட்யூலையும் ஏற்றச் சொன்னால் போதும், அடுத்த பூட்டில் ஸீரோ நெட்வொர்க் கார்டாகிவிடும்.

முடிந்தவரை இரட்டை வேடத்தையே தேர்ந்தெடு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐ.டி. கம்பியே இழுக்கப்படாத பலகையில் ஓ.டி.ஜி. என்று எழுதினால், தரையைத் தொடாத அந்த முனையைப் பார்த்துக் கன்ட்ரோலர் தன்னை எப்போதும் டிவைஸ் என்றே முடிவு கட்டும். செருகிய கீபோர்டு செத்துக் கிடக்கும். 2013-இல் வந்த பீகிள்போன் பிளாக் பலகையில் இரட்டை வேடம் கட்டக்கூடிய இரண்டு யு.எஸ்.பி. பகுதிகள் உண்டு. ஆனால் ஒன்றை டிவைஸாகவும் மற்றதை ஹோஸ்டாகவும் டிவைஸ் ட்ரீயிலேயே பூட்டிவிட்டார்கள். துளைகளின் வடிவமும் அதற்கேற்பவே இருப்பதால் குழப்பமே இல்லை. போன், டேப்லெட் வேறு கதை. அங்கே இரட்டை வேடம் அவசியம். ஓடும்போதே வேடம் மாற்ற, ஆதரவுள்ள பலகைகளில், கெர்னல் தன் நிலையைக் காட்டும் சிஸ் கோப்புறைக்குள் ‘யு.எஸ்.பி. ரோல்’ என்ற இடமும் உண்டு. அங்கே ‘ஹோஸ்ட்’ அல்லது ‘டிவைஸ்’ என்று எழுதினால் ஆள் மாறிவிடும்.

எல்லாம் செய்தும் லேப்டாப் ஸீரோவைக் கண்டுகொள்ளவில்லையா? ஸீரோவின் சிஸ் கோப்புறையில் ‘கிளாஸ்’, அதற்குள் ‘யு.டி.சி.’ என்ற இடத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால் கேட்ஜெட் பக்கம் உயிர்பெறவில்லை. கெர்னல் தேர்வையோ டி.ஆர். மோடையோ தேடிப் போக வேண்டியதுதான். 20980000 என்று தொடங்கும் ஒரு பெயர் அங்கே இருந்தால் கெர்னலைச் சந்தேகிக்க வேண்டாம். கேபிள் மின்சாரத் துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அது தகவல் கம்பிகளே இல்லாத வெறும் சார்ஜிங் கேபிளாக இருக்கலாம்.